முப்பத்திரண்டாம் இடம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் மாதம் ஒருமுறை அது தலைகாட்டும். மற்றபடி எல்லோருக்கும் அவர் பட்டியல் சார்தான். சாலைத்துறை அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், பணிமூப்புப் பட்டியல் தயாரிக்கும் மேசையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். யார் யாருக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தார், யார் யாருக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று வரிசைப்படுத்தி, கார்பன் வைத்து மூன்று காப்பி எடுத்துக் கையெழுத்து வாங்குவது அவர் தொழில். திறமை, உழைப்பு போன்ற சந்தேகத்துக்கு இடமான சங்கதிகளுக்கு அந்தப் பட்டியலில் கட்டமே கிடையாது. ஒருமுறை, இறந்துபோன மேற்பார்வையாளர் ஒருவரின் பெயர், முறைப்படி தகவல் வராத காரணத்தால் நான்காம் இடத்திலேயே இருந்து, மறுவருடம் மூன்றாம் இடத்துக்கு உயர்வும் பெற்றது. யாரோ போய்ச் சொன்னதற்கு, "எழுத்துல வரட்டும், எடுத்துடலாம்" என்றார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வீடியோ கேம் சண்டையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் ஊர் மாறிப் போகும்போது தம் கேம் மெஷினை இவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். கூட ஒயர் இல்லாத இரண்டு கன்ட்ரோலர். முதல் கன்ட்ரோலரை இவர் எடுத்துக்கொண்டார். சண்டை என்றால் எதிரில் ஓர் ஆள் வேண்டுமே, அதனால் இரண்டாவதை மனைவி கையில் கொடுத்தார்.

ஆசை இருந்த அளவுக்குக் கை வரவில்லை. மூளை 'குனி' என்று உத்தரவு போட்டால், அது கோப்பாகி, மேலே போய், கையெழுத்தாகி விரலுக்கு வந்து சேருவதற்குள் ஸ்க்ரீனில் அவருடைய ஆள் மல்லாந்து கிடப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் மெத்தைக் கடை மாடியில் கூடும் சண்டைக் குழுவில் சேர்ந்து, நான்கு போட்டிகளில் நான்கு முறை முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனார். ஐந்தாவது போட்டியன்றுதான் அவருக்கு அந்தக் கேள்வி தோன்றியது.

"யார் யாரோட மோதணும்னு எப்படி முடிவு பண்றீங்க?"

"சீட்டுக் குலுக்கிப் போடுவோம் சார்."

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் ஒரு பட்டியலோடு போய் நின்றார். குழுவில் யார் எப்போது சேர்ந்தார், எத்தனை போட்டிக்கு வந்தார், எத்தனை முறை நேரத்துக்கு வந்தார் என்று மதிப்பெண் போட்டு ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை வரிசை. பட்டியலின் மேலிடத்தவர்கள் ஆரம்பத்திலேயே ஒருவரோடொருவர் மோதி மண்டையை உடைத்துக்கொள்ளாதபடி, அவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் தள்ளி வைக்கும் அட்டவணை. கூடவே பதினான்கு விதிகள், மைக், ஸ்டூல். யாரும் செய்ய விரும்பாத வேலையை ஒருவர் விரும்பிச் செய்தால் உலகம் என்ன செய்யுமோ அதைத்தான் குழுவும் செய்தது. அவர் தலையிலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்டு ஆடப் போய்விட்டது.

பட்டியலில் முதலிடம் பல்செட் செய்கிறவருக்கு. குழுவில் முதலில் பெயர் கொடுத்தவர் அவர்தான், வேறு காரணம் எதுவும் இல்லை. ஆட்டத்துக்கு வரும்போது சொந்தமாக ஒரு திண்டு கொண்டுவந்து போட்டு உட்காருவார். பட்டியல் வந்த பின் நடந்த ஒன்பது போட்டிகளில் இரண்டை ஜெயித்திருந்தார். மீதி ஏழில் யார் யாரோ ஜெயித்தார்கள். மற்ற ஊர்களில் அதற்கு எதிர்பாராத வெற்றி என்று பெயர். பட்டியல் சார் எழுதும் முடிவறிக்கையில் அந்தக் கட்டத்தின் தலைப்பு 'விபத்துகள்'. 'நாற்காலி ஆடியதால் ஐந்தாம் இடத்தவர் தோற்க நேர்ந்தது.' 'ஃபேன் காற்று நேரடியாகக் கண்ணில் பட்டதால் முதல் இடத்தவர் இரண்டாம் சுற்றில் விலக நேர்ந்தது.' ஜெயித்தவன் பெயர் அறிக்கையின் கடைசி வரியில், போனால் போகிறதென்று இருக்கும்.

அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடிநீர் அலுவலகத்தில் புகார் போனை எடுப்பது அவள் வேலை. காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை ஊரே அவளைத் திட்டும். தண்ணீர் வரவில்லை என்று பாதிப் பேர், வந்த தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது என்று மீதிப் பேர். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, திட்டுகிறவர் மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து, "உங்க புகார் நம்பர் எழுதிக்குங்க சார்" என்பாள். அந்த ஒரு நொடிக்காகக் காத்திருப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

வீட்டில் அவள் ஆடியது சுமைக்காரனை வைத்து. அந்த விளையாட்டிலேயே மட்டமான ஆள் அவன்தான். முதுகில் மூட்டை, நடை மந்தம், துள்ளத் தெரியாது. கைக்குள் வந்தவனைப் பிடித்துத் தூக்கி எறிய மட்டும் தெரியும். "எனக்கு அவனோட ஆடிப் பழகணும், நீ அவனையே எடு" என்று முதல் நாள் இவர் சொன்னதுதான், பதினோரு வருடமாக அவனையே எடுக்கிறாள். நடுவில், எட்டு வருடத்துக்கு முன்பு, இரண்டாவது கன்ட்ரோலர் மேல் இவர் டீயைக் கொட்டினார். அன்றிலிருந்து வலது பட்டன் ஒட்டிக்கொண்டு அமுங்காமல் போனது. அவள் எப்போதும் வலப்பக்கத்து ஆள். அவளுக்கு வலது என்றால் பின்வாங்குவது. "நாளைக்குச் சரி பண்ணிடறேன்" என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை. அவளுடைய சுமைக்காரன் பின்வாங்குவதை மறந்தே போனான். நின்றால் நின்ற இடத்தில் நிற்பான், நகர்ந்தால் முன்னேதான் வருவான். வீட்டு ஆட்டத்துக்கென்று இவர் வைத்திருந்த நோட்டுப்படி பத்தில் ஆறு இவர், நான்கு அவள். "ஆனா வீட்டு ஆட்டம் கணக்குல வராது" என்றும் அதன் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்.

பட்டியல் வந்த பின் பத்தாவது போட்டி அறிவித்த வாரம் குழுவில் புகைச்சல் கிளம்பியது. கிளப்பியவர் பட்டியலில் இரண்டாமவரான லிஃப்ட் மெக்கானிக்.

"ஏழு தடவை விபத்துன்னா அது விபத்து இல்ல சார். ரோடே சரியில்ல."

சாலைத்துறைக்காரரைப் பார்த்து இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும். முகம் சுண்டிப்போனது. பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த முறை முதலிடத்தவர் முதலாவதாக வந்தால் பட்டியல் பட்டியல் சாரிடமே இருக்கும். வராவிட்டால் இனி வரிசை போடுவது கம்ப்யூட்டர். யார் யாரை ஜெயித்தார்கள் என்பதை மட்டும் பார்த்து அது வரிசை போடுமாம். என்ன அநியாயம் என்று மனைவியிடம் புலம்பினார். அலுவலகத்தில் இன்னும் பதினான்கு வருட சர்வீஸ் இருக்கிறது, அங்கே அவரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்து நிற்கும் அந்த ஐந்து மணி நேரம்தான் அவருக்கு உயிர். அது போனால் அப்புறம் அவர் வெறும் சம்பளச் சீட்டுப் பெயர்தான்.

பெயர் கொடுத்தவர்கள் முப்பத்தொரு பேர். அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தைப் பார்த்தால் அவருக்கு உடம்பு அரிக்கும்.

"நீ பேர் குடேன். ஒரு ஆட்டம் உக்காந்து தோத்துட்டு வந்துடலாம்."

"பரிசு என்னங்க?"

"மெத்தை. கடைக்காரர் தர்றார். டபுள்."

வீட்டு மெத்தையில் இவர் படுக்கும் பக்கம் பள்ளம். பதினோரு வருடமாக அவள் அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். நாள் முழுக்கப் புகார் நாற்காலி, மற்ற நேரம் இந்தச் சரிவு என்று இடுப்பு ஒருவழியாகியிருந்தது.

"எழுதிக்குங்க" என்றாள்.

முப்பத்திரண்டாம் இடம் என்று எழுதினார். முதலிடத்தவருக்குத் தன் மனைவியை எதிரில் வைத்தால் சுலபமான ஆளைக் கொடுத்துவிட்டார் என்று பேச்சு வரும். ஆகவே அவளை அட்டவணையின் மறு கோடியில், இரண்டாமவரான லிஃப்ட் மெக்கானிக்குக்கு எதிரில் போட்டார். நேர்மைக்கு நேர்மை, லிஃப்ட் மெக்கானிக்கின் வாயை அடைக்கவும் ஒரு சாக்லேட்.

மெத்தைக் கடை மாடியில் ஆட்களுக்கு நாற்காலி கிடையாது. விற்பனைக்கு வைத்த மெத்தைகளில்தான் உட்கார வேண்டும், பிளாஸ்டிக் உறையைக் கழற்றக் கூடாது. முப்பது பேர் ஒரே நேரத்தில் பதற்றப்பட்டால் மாடி முழுக்கக் கீச் கீச் என்று சத்தம் கேட்கும். பட்டியல் சார் மணிக்கொரு தரம் மைக்கில் விதிகளை வாசித்தார். ஒன்பதாம் விதி அவருக்குச் செல்லம்.

"ஆட்டத்துக்கு நடுவுல யார் கன்ட்ரோலர் ஆட்டத்தை நிறுத்துதோ, அவங்க அந்த ஆட்டத்தைத் தோத்தவங்க. தெரியாம பட்டுச்சுன்னு சொல்லக் கூடாது. ஒயர் இல்லாத கன்ட்ரோலர் வச்சிருக்கவங்க எல்லாரும் அணைச்சுட்டுப் பைக்குள்ள வைங்க."

கண் இமைக்கும் நேரத்தில் அடி விழும் விளையாட்டில், ஒரு நொடி நின்றாலும் ஆடுகிறவரின் கணக்கு குலைந்துவிடும். அதனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி அது.

முதல் சுற்றில், வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டாவது கன்ட்ரோலரோடு வலப்பக்கம் இருந்தவளுக்குப் பக்கத்தில் லிஃப்ட் மெக்கானிக் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். "அக்கா, வலிக்காம அடிக்கிறேன்" என்றார். தன் ஆளைத் துள்ளவிட்டார், சுழலவிட்டார், வாளை வீசினார். அடித்துவிட்டுக் கொஞ்சம் விலகி, எதிராளி பின்வாங்குவான், துரத்தலாம் என்று காத்திருந்தார். சுமைக்காரன் பின்வாங்கவில்லை. அடியை வாங்கிக்கொண்டு ஓர் எட்டு முன்னே வந்து அவரைப் பிடித்துத் தூக்கிப் போட்டான். இரண்டாம் தடவையும் அதே. மூன்றாம் தடவை மெக்கானிக்கின் சிரிப்பு நின்றது. நான்கு நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது.

பட்டியல் சார் 'விபத்துகள்' கட்டத்தில் எழுதினார்: 'எதிரில் பெண்மணி என்பதால் இரண்டாம் இடத்தவர் தயக்கத்தில் தோற்க நேர்ந்தது.'

அடுத்த சுற்றில் பதினைந்தாமவர். அவருக்கு முந்தைய நாள் ஜலதோஷம் என்று எழுதினார். அதற்கடுத்து பத்தாமவர், வெளிச்சம் போதவில்லை. அரையிறுதியில் மூன்றாமவர். அவர் ஆடும்போது எதிராளியை வாயாலேயே வீழ்த்துகிறவர். நக்கல், நையாண்டி, பாட்டு. தினம் எண்பது பேரிடம் திட்டு வாங்குகிறவள் காதில் அது எங்கே ஏறும். அவர் மூச்சு வாங்கிய நேரம் பார்த்துத் தூக்கிப் போட்டாள். மெத்தைகளெல்லாம் கீச்சிட்டன. பட்டியல் சார் பேனாவை எடுத்தார், என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கட்டம் காலியாகவே கிடந்தது. உடம்பு அரித்தது, எழுதவில்லை.

இறுதிப் போட்டியில் முதலாமவரும் முப்பத்திரண்டாமவரும். பல்செட்காரர் ஒவ்வொரு சுற்றிலும் முறைப்படி ஜெயித்து வந்திருந்தார். பட்டியலில் மற்ற இடமெல்லாம் சிதறிக் கிடந்தாலும் தலை மட்டும் மிச்சம் இருந்தது. அவர் ஜெயித்தால் பட்டியல் பிழைக்கும். மனைவி ஜெயித்தால் மெத்தை வரும், பட்டியல் போகும். கணவனாகவும் நடுவராகவும் எங்கே நிற்பதென்று புரியாமல் அவர் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மேடை மெஷின் சூடேறி நின்றுபோனது. எதற்கும் ஒரு மாற்று கொண்டுபோகிற ஆசாமி ஆதலால், வீட்டு மெஷினைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதை எடுத்து இணைத்தார். தன்னுடைய முதல் கன்ட்ரோலரால் எல்லாவற்றையும் சரிபார்த்தார். பிறகு அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்து, "ஒயர் இல்லாத கன்ட்ரோலரை எல்லாரும் அணைச்சிட்டீங்களா, ஒன்பதாம் விதி" என்று கேட்டார். எல்லோரும் அணைத்திருந்தார்கள்.

பல்செட்காரர் திண்டைப் போட்டு உட்கார்ந்து, பலகை மாதிரி அகலமான தன் கன்ட்ரோலரை ஒயரால் இணைத்தார். அவள் தன் பழைய இரண்டாவது கன்ட்ரோலரோடு வலப்பக்கம் உட்கார்ந்தாள். ஐந்து ஆட்டத்தில் மூன்றை ஜெயித்தவருக்கு மெத்தை. பட்டியல் சார் முன்வரிசையில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, அதன் மேல் முடிவுத் தாள் மூன்றையும் கார்பனோடு வைத்துக்கொண்டார். ஆட்டம் முடிவதற்குச் சற்று முன்பே முடிவை எழுத ஆரம்பிப்பது அவர் வழக்கம். முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும், கையெழுத்துக்கு ஆள் கிடைக்காது.

முதல் ஆட்டம் பல்செட்காரருக்கு. இரண்டாவது அவளுக்கு. மூன்றாவது அவருக்கு, நான்காவது அவளுக்கு. ஐந்தாவதில் இருவருக்கும் உயிர் நூலாக இருந்தது. இன்னும் ஓர் அடி யாருக்கு விழுந்தாலும் முடிந்தது. பல்செட்காரரின் ஆள் எட்டி எட்டிப் போனான். சுமைக்காரன் நின்றான். எட்டிப் போனவன் சுவரில் முட்டினான், இனிப் போக இடமில்லை. சுமைக்காரன் ஓர் எட்டு வைத்தான். இன்னோர் எட்டு. பட்டியல் சாருக்கு அவள் விரல் தெரிந்தது. பதினோரு வருடமாக அந்த விரல் அந்த நேரத்தில் என்ன செய்யும் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். நெஞ்சு அடைத்துக்கொண்டது. பட்டியலாவது மண்ணாவது. அவளுக்கு முன்பே அவர் கை முந்திக்கொண்டது. 'முதலிடம்:' என்பதற்கு நேரே, மூன்று காப்பியிலும் விழும்படி அழுத்தி, 32 என்று எழுதத் தொடங்கினார்.

மூன்றை எழுதினார். இரண்டின் தலையை வளைத்தார். மடியில் என்னவோ நறுக்கென்று அமுங்கி நடுங்கியது. ஸ்க்ரீன் அப்படியே உறைந்து நின்றது.

ஆட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது.

ஒரு கீச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு பல்செட்காரர் இரண்டு கையையும் தூக்கினார்.

"நான் இல்ல. என்னுதுல அந்தப் பட்டனுக்குப் பூட்டு இருக்கு, பாருங்க. பூட்டித்தான் வச்சிருக்கேன்."

"நானும் தொடலைங்க" என்றாள் அவள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கன்ட்ரோலர்ல ஏதாவது பட்டன் ஒட்டுதா?"

அவள் பொய் சொல்லிப் பழகாதவள். "ஒரு பட்டன் ஒட்டும். ஆனா அது வேற பட்டன்."

போதாதா. பழைய கன்ட்ரோலர், பட்டன் ஒட்டுமாம் என்று கூட்டம் முழுக்க முணுமுணுப்பு ஓடியது. எல்லோரும் நடுவரைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

தொடையில் அந்த நடுக்கம் இன்னும் இருந்தது. பைக்குள் கிடந்தது தன்னுடைய கன்ட்ரோலர் என்பதும், அணைக்காத ஒரே ஆள் தான் என்பதும் அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் தீர்ந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவர் மனதில் முதலில் வந்தது, பட்டியல் பிழைத்தது என்பதுதான். இதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, அவர் அப்படித்தான். நெஞ்சு அடைத்து 32 எழுதிய மனிதரும் அவர்தான், அடுத்த நொடி இப்படி நினைத்த மனிதரும் அவர்தான்.

எழுந்து மைக்கைப் பிடித்தார். "ஒன்பதாம் விதிப்படி ஆட்டம் பல்செட்காரருக்கு. முதலிடத்தவர் முதலிடம்."

கைதட்டல் மாடியைத் தூக்கியது. பட்டியல் சாருக்குத்தான் கைதட்டினார்கள். "கட்டின பொண்டாட்டின்னும் பாக்கல பாருங்க. மனுஷன்னா இவர்" என்றார் ஒருவர். லிஃப்ட் மெக்கானிக்கே வந்து கையைக் குலுக்கினார். வாழ்நாளில் முதன்முறையாக அவருக்காக ஒரு கூட்டம் எழுந்து நின்றது. அது இனித்தது.

அடித்தல் திருத்தல் கூடாது என்பதால் புதுத்தாள் மூன்று எடுத்தார். பாதி எழுதியதை மடித்துப் பைக்குள் செருகினார். பல்செட்காரர் கையெழுத்துப் போட்டார். அவளும் போட்டாள், பல்செட்காரருக்குக் கையும் கொடுத்தாள். கூட்டம் மெத்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு நகர்ந்தது. டபுள் மெத்தை படித் திருப்பத்தில் சரியாகச் சிக்கிக்கொண்டது. பல்செட்காரர் கீழே, இரண்டு பேர் மேலே, மற்றவர்கள் வழியில்லாமல் மாடியிலேயே நின்றார்கள்.

அவள் வீட்டு மெஷினின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"பையைக் குடுங்க, இதை வைக்கணும்."

"நானே வச்சுக்கறேன்."

"குடுங்கன்னா."

வாங்கித் திறந்தாள். உள்ளே கன்ட்ரோலரின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். நடுப்பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாள். அதற்கடியில் மடித்திருந்த தாள்களை எடுத்துப் பிரித்தாள். முதலிடம், மூன்று, ஒரு வளைவு, அங்கிருந்து தாளின் ஓரம் வரை இழுபட்ட கோடு.

"இது எப்ப எழுதினது?"

"அப்பதான்."

"ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியா?"

"ம்."

"எனக்கா?"

"ம்."

"இவ்வளவு அழுத்தியா எழுதுவீங்க?"

"மூணு காப்பிலயும் வரணுமே."

அவள் ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தாள். "வந்திருக்கு. மூணுலயும் வந்திருக்கு" என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். கோபம் இல்லை. புகார் நம்பர் எழுதிக்கொள்ளச் சொல்கிற குரல்.

அவர் மைக்கை எடுத்தார். "ஒரு திருத்தம்" என்று ஆரம்பித்து, தன் பையையும் தன் கன்ட்ரோலரையும் தன் பேனாவையும் பற்றிச் சொன்னார். தெரிந்தும் வாய் திறக்கவில்லை என்பதையும் சொன்னார். வெளியே போக வழியில்லாததால் அத்தனை பேரும் நின்று கேட்டார்கள்.

படித் திருப்பத்திலிருந்து, மெத்தைக்குப் பின்னால், முகம் தெரியாமல் பல்செட்காரரின் குரல் வந்தது.

"பதினாலாம் விதி என்ன சார்?"

"கையெழுத்து ஆன முடிவு எக்காரணத்தாலும் மாறாது."

"யார் எழுதினது?"

"நான்தான்."

"அப்ப இதைக் கொஞ்சம் தள்ளச் சொல்லுங்க சார். முட்டி வலிக்குது."

தள்ளினார்கள். மெத்தை கீச்சென்று இறங்கிப் போனது. லிஃப்ட் மெக்கானிக் மட்டும் பக்கத்தில் வந்தார்.

"பேசினபடி பட்டியல் உங்ககிட்டயேதான் சார். முதலாள் முதலாவதா வந்துட்டாரே. எந்த விபத்தும் இல்ல." இப்போது கை குலுக்கவில்லை.

"வேண்டாம். கம்ப்யூட்டர்கிட்டயே குடுத்துடுங்க."

"எழுத்துல குடுங்க சார், எடுத்துடலாம்" என்றார் மெக்கானிக்.

அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தார். சுவரிலிருந்த பட்டியலையும் அவரே கிழித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முகம் கழுவி, மெஷினை எடுத்து டிவியோடு இணைத்தாள். பள்ளம் விழுந்த மெத்தை மேல் உட்கார்ந்து, முதல் கன்ட்ரோலரைத் தான் எடுத்துக்கொண்டு, இரண்டாவதை அவர் மடியில் வைத்தாள்.

"சுமைக்காரனை எடுங்க" என்றாள்.

பத்து ஆட்டம் ஆடினார்கள். பத்திலும் அவர் தோற்றார். வாள்காரன், துள்ளுகிறவன், பறக்கிறவள் என்று அவள் ஆளுக்கு ஆள் மாற்றி ஆடினாள். அவளுக்கு அவர்களையெல்லாம் ஆடத் தெரியும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். ஆறாவது ஆட்டத்தின்போது அவர் கன்ட்ரோலரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"பின்னால போகவே மாட்டேங்குதே."

"எட்டு வருஷமா போகல" என்றாள், ஸ்க்ரீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். இதை வைத்துக்கொண்டுதான் இவள் பத்தில் நான்கை ஜெயித்திருக்கிறாள். இதை வைத்துக்கொண்டுதான் இன்று இரண்டாமவரையும் பதினைந்தாமவரையும் பத்தாமவரையும் மூன்றாமவரையும் தூக்கிப் போட்டாள். முதலாமவரையும்தான். அவமானம் காது வரைக்கும் ஏறியது. எழுந்து போய் அலமாரியிலிருந்து தாள் எடுத்து வந்தார். பழக்கதோஷம், நடுவே கார்பனும் வைத்துவிட்டார். மெத்தை மேலேயே தாளை வைத்து 'முதலிடம்' என்று எழுதி அவளுடைய பெயரைத் தொடங்கினார். எண் போடவில்லை. பாதியில் பேனா நின்றது. பயந்தவர் போல அழுத்தாமல் மெல்ல மெல்ல எழுதுவதை அவள் குனிந்து பார்த்தாள்.

"அழுத்தியே எழுதுங்க" என்றாள். "கன்ட்ரோலர் என் கையில இருக்கு."